பலகைத் தட்டை உடைக்க முதல் தீராந்தியை ஒருக்கா தட்டிப் பாருங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வாடை தொடங்கப்போகுது, மழை இறங்க முதல் இது பேப்பரில வந்தா நாலு பேருக்கு பிரயோசனப்படும் எண்டு நினைச்சுத்தான் எழுதுறன். எங்கட திருகோணமலை டவுனுக்குள்ள பிரதான வீதி, மத்திய வீதி, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் எண்டு பாத்தா பழைய மேல்வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. கீழ கடை, மேல குடும்பம் இருக்கும், இல்லாட்டி கீழயும் மேலயும் ஒரே குடும்பம். அந்த வீடுகளில மேல்தட்டு கொங்கிரீட் இல்ல, பலகைதான், அந்தப் பலகைய தாங்கிறது சுவருக்கு சுவர் வரிசையா கிடக்கிற தீராந்தியள், அதாவது நீளமான தடிச்ச மரங்கள். 1942 ஏப்ரல் 9ந் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கும் முன்னம் கட்டின வீடுகள் எல்லாம் அதுக்குள்ள இருக்கு, 64ம் ஆண்டு டிசம்பர் புயலையும் தாங்கி நிண்ட வீடுகள்.

இப்ப என்ன நடக்குதெண்டா, மேல நடக்கேக்க தட்டு கொஞ்சம் ஆடுது, ஒரு பக்கம் தாழ்ந்துபோச்சு எண்டு வீட்டுக்காரர் ஒரு வேலைக்காரரை கூப்பிட்டுக் காட்டுவினம், அவர் கீழ நிண்டு அண்ணாந்து பாத்திட்டு "இது சரிவராது அண்ண, எல்லாத்தையும் கழட்டிப்போட்டு கொங்கிரீட் பிளேட் போடுவம்" எண்டு சொல்லுவார். காசு இருக்கிறவை உடைக்கினம். காசு இல்லாதவை அப்பிடியே விட்டிட்டு பயந்து பயந்து இருக்கினம். இன்னும் சிலர் பலகைக்கு மேலயே ரெண்டு இஞ்சிக்கு சீமெந்து போட்டு டைல்ஸும் ஒட்டிவிடுகினம், எனக்கு உடைக்கிறதை விட அதுதான் பெரிய பயம், அதைப்பற்றி கீழ எழுதுறன்.

எங்கட அப்பா மரவேலை செய்தவர், நான் பிறகு கட்டட வேலையள் பாக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தரா இருந்து ஓய்வெடுத்தவன். நான் பாத்த அளவில, ஆடுது எண்டு சொல்லுற தட்டுகளில கனக்க இடத்தில தீராந்தியின்ர நடு மரம் இரும்பு மாதிரித்தான் இருக்கும். முதிரை, பாலை, சவண்டலை எண்டு அந்தக் காலத்தில காட்டில இருந்து வந்த வைரம் பாய்ஞ்ச மரம். சவண்டலை மரத்தை வெள்ளைக்காரன் எங்கட ஊர்ப் பேரிலயே, திருகோணமலை மரம் எண்டு சொல்லித்தான் வித்தவன், அவ்வளவுக்கு இந்தக் கரையில இருந்து ஏத்தின மரம் அது. இண்டைக்கு மரக்காலையில போய் அப்பிடி ஒரு துண்டு கேட்டுப் பாருங்கோ, கிடைக்காது, கிடைச்சாலும் வாங்கேலாது. அப்பிடிப்பட்ட மரத்தை, நுனியில ஒரு அடி உக்கிப்போச்சு எண்டதுக்காக முழுசா கழட்டி விறகுக்கு குடுக்கிறதை பாக்க எனக்கு வயிறு எரியுது.

ஓம், உக்கிறது பெரும்பாலும் நுனிதான். தீராந்தியின்ர ரெண்டு தலையும் சுவருக்குள்ள போய் இருக்கு, அந்தச் சுவர் சுண்ணாம்புக் கட்டு, கடல் பக்கத்துச் சுவரா இருந்தா வாடையோட அடிக்கிற மழை முழுக்க அதிலதான் விழும், சுவர் தண்ணிய உறிஞ்சி வைச்சிருக்கும், மரத்தின்ர தலை அதுக்குள்ள மாசக்கணக்கா ஈரத்தில நிக்கும். மரத்தில ஈரம் 20 வீதத்துக்கு மேல போய் அப்பிடியே நிண்டாத்தான் பூஞ்சணம் பிடிச்சு உக்கத் தொடங்கும், அதுக்குக் கீழ இருந்தா நூறு வருசத்துக்கும் உக்காது. அதாலதான் நடு அறையில கிடக்கிற மரம் அப்பிடியே கிடக்க சுவருக்குள்ள போன தலை மட்டும் மாவாப் போகுது.

பாக்கிறது லேசு. ஒரு ஸ்க்ரூ டிரைவரோ குத்தூசியோ எடுத்து, சுவரோட ஒட்டின இடத்தில தீராந்தியை கீழ்ப்பக்கமும் பக்கவாட்டிலயும் குத்திப் பாருங்கோ, நல்ல மரமெண்டா முனை ஏறாது, உக்கின மரமெண்டா அரை இஞ்சி ஒரு இஞ்சி சும்மா உள்ள போகும். சுத்தியலால தட்டிக்கொண்டே வாங்கோ, நல்ல மரம் கணீரெண்டும், உள்ளுக்க கோறையா இருந்தா சத்தம் செத்துப்போகும். ஒவ்வொரு தீராந்தியா ரெண்டு தலையும் பாத்து, கெட்டுப்போனதுக்கு சோக்கட்டியால அடையாளம் போடுங்கோ. பிறகு ஒரு சுவரில இருந்து மற்றச் சுவருக்கு கீழ்ப்பக்கமா நூல் பிடிச்சுப் பாத்தா நடு எவ்வளவு தொய்ஞ்சிருக்கெண்டு தெரியும். 12 அடி நீளத் தீராந்தியில ஆக்கள் நடமாடி சாமான் வைக்கேக்க அரை இஞ்சிக்கு உள்ள வளையிறது சாதாரணம், அதுக்கு மேல போனாத்தான் யோசிக்கவேணும். பழைய மரம் பாரத்தோட வருசக்கணக்கா கிடந்து நிரந்தரமா கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும், அது தன்னால திரும்பி நிமிராது, அந்த வளைவுக்காக பயப்படவும் தேவையில்ல. தலை போயிருக்கோ, போன வருசத்தை விட இந்த வருசம் கூடத் தாழ்ந்திருக்கோ, இந்த ரெண்டையும்தான் பாக்கவேணும்.

இனி திருத்திற வேலை. எல்லாரும் மரத்தில தொடங்கினம், நான் சொல்லுறது தண்ணியில தொடங்குங்கோ. கூரையில விலகின ஓடு, உடைஞ்ச பீலி, சுவருக்கு மேல முளைச்ச ஆலங்கண்டு, மேல்மாடி பாத்ரூம் பைப்பில ஒழுகிற மூட்டு, இதுகளை அடைக்காம புது மரம் போட்டா அதுவும் சில வருசத்தில அதே இடத்தில உக்கும். இன்னொண்டு, பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வெளியால இறுக்கமா சீமெந்துப் பூச்சு பூசினா வெடிப்புகளால உள்ள போன தண்ணி வெளிய வரமுடியாம உள்ளுக்கயே நிக்கும், தீராந்தித் தலை இன்னும் கெதியா போகும். வடிவா இருக்கெண்டு பூசினம், ஆனா சுண்ணாம்புச் சாந்தாலதான் பூசவேணும், அதுதான் ஈரத்தை வெளிய விடும்.

அடுத்தது முண்டு குடுக்கிறது. கெட்ட தலையில கை வைக்க முதல் அந்தப் பாரத்தை வேற ஒண்டு தாங்கவேணும். சுவரில இருந்து ரெண்டடி மூண்டடி தள்ளி, தீராந்தியளுக்கு குறுக்கால கீழ ஒரு தடிச்ச மரம் பிடிச்சு, அதுக்கு இரும்பு முட்டு, கொங்கிரீட் போடேக்க நிறுத்திற அந்த ஸ்க்ரூ முட்டுகள், வாடகைக்கு எடுக்கலாம், அதுகளை நேரா நிறுத்தவேணும், சரிவா நிண்டா வழுக்கி ஆளுக்கு மேல விழும். முட்டின்ர அடி டைல்ஸில நேர நிக்கக்கூடாது, கீழ நீளமா ஒரு சிலிப்பர் கட்டையோ தடிச்ச பலகையோ போட்டு அதுக்கு மேல நிறுத்தினாத்தான் பாரம் பரவும். எங்கட டவுன் நிலம் கனக்க இடத்தில வெறும் கடற்கரை மணல், அதுக்கு மேல போட்ட மெல்லிய சீமெந்து நிலம் ஒரு புள்ளியில பாரம் விழுந்தா உடைஞ்சு முட்டு இறங்கிப்போகும்.

தூக்கிறதுதான் எல்லாரும் அவசரப்படுற இடம். லொறி ஜக்கை கொண்டுவந்து ஒரே நாளில ரெண்டு இஞ்சி தூக்கி மட்டமாக்கிறம் எண்டு நிண்டா மேல சுவர்ப் பூச்சு வெடிக்கும், கதவு நிலை இறுகும், காய்ஞ்சு கிடந்த மரம் ஒரேயடியா பிளக்கும். தூக்கிறதெண்டா ஒரு நாளைக்கு ஒரு நூல், அரைக்கால் இஞ்சி, அதுக்கு மேல வேண்டாம், தூக்கிப்போட்டு மேல போய் கதவு ஜன்னலை திறந்து பாத்து, வெடிப்பு ஏதும் வருதோ எண்டு பாத்து, அடுத்த நாள் அடுத்த நூல். எதிலயாவது முறியிற சத்தம் கேட்டா நிப்பாட்டுங்கோ. மேல சொன்ன மாதிரி பழைய வளைவு முழுக்க நிமிராது, நிமித்தவும் நினைக்கவேண்டாம், பாதி வந்தாலே காணும். எண்ணெய் ஜக்கில பாரத்தை அப்பிடியே விட்டிட்டும் போகக்கூடாது, அது இரவில மெல்ல மெல்ல இறங்கும், தூக்கின உடன இரும்பு முட்டை ஏத்தி இறுக்கிப்போட்டு ஜக்கை எடுங்கோ.

தீராந்தி முழுக்க பலவீனமா இருந்தா அதை கழட்டத் தேவையில்ல, பக்கத்தில புதுசா ஒண்டு சேத்துக் கட்டலாம், அதே உயரம், சுவருக்கு சுவர் முழு நீளம், ரெண்டு தலையும் சுவரில நல்லா 4 இஞ்சியாவது ஏறி இருக்கவேணும். ஆனா முதல் பழசை கொஞ்சம் தூக்கி பாரத்தை எடுத்துப்போட்டுத்தான் புதுசை சேக்கவேணும். நிறைய வேலைக்காரர் இதை விடுகினம், தொய்ஞ்சு கிடக்கிற மரத்தோட அப்பிடியே புது மரத்தை போல்ட் அடிச்சுப்போட்டு போயிருவினம், அப்ப ஏற்கனவே இருக்கிற பாரம் முழுக்க பழசிலயேதான் நிக்கும், புதுசு சும்மா பக்கத்தில நிக்கும். ஆணி மட்டும் அடிச்சா காணாது, அரை இஞ்சி போல்ட், பெரிய வோசர், ஒண்டு மேல ஒண்டு கீழ எண்டு மாத்தி மாத்தி ஒண்டரை அடிக்கு ஒண்டு, ரெண்டு தலையிலயும் ரெண்டு ரெண்டு. முதிரை பாலையில துளை போடாம ஆணி அடிச்சா மரம் வெடிக்கும், இது மரவேலை செய்யிற ஓடாவிமாருக்கு நான் சொல்லத் தேவையில்ல, இப்ப வாற பொடியளுக்குச் சொல்லுறன். புது மரம் காய்ஞ்ச மரமா இருக்கவேணும், பச்சை மரம் பிறகு சுருங்கி போல்ட் எல்லாம் லூசாகும். புது மரத்தில மெல்லிய வில்லு வளைவு இருந்தா வளைவு மேல பாக்க வையுங்கோ.

தலை மட்டும் போன தீராந்தி எண்டா உக்கினதை நல்ல மரம் வாற வரைக்கும் வெட்டி எடுத்து, அதோட இன்னும் ஒரு சாண் கூட வெட்டி, பூஞ்சணம் உள்ளால ஓடியிருக்கும் எண்டதால, ரெண்டு பக்கமும் ரெண்டு துண்டு மரமோ இரும்புத் தகடோ வைச்சு நல்ல மரத்தில குறைஞ்சது மூண்டு நாலு அடி ஏத்தி போல்ட் போட்டு, அந்தத் துண்டுகளின்ர தலைய சுவருக்குள்ள விடலாம். விடேக்க தலையச் சுத்தி சீமெந்து அடைக்கவேண்டாம். இதை நான் எத்தினை தடவை சொன்னாலும் மேசன்மார் கேக்கிறேல்ல, ஓட்டை தெரிஞ்சா அடைக்கத்தான் அவையளுக்கு கை போகும். கீழ ஒரு தடிச்ச பொலித்தீனோ தார்ச்சீலையோ போட்டு, பக்கமும் மேலயும் அரை இஞ்சி காத்து இடைவெளி விட்டா தலை காய்ஞ்சுகொண்டே இருக்கும். சுவரே பலவீனமா உதிருதெண்டா அதில போல்ட் போட்டு இரும்பு ஆங்கிள் பிடிக்கிறதை நம்பாதேங்கோ, சுண்ணாம்புச் சாந்து அந்த இழுவைய தாங்காது, சுவரோட ஒட்டி ரெண்டு தூண் நிறுத்தி அதுக்கு மேல ஒரு பீம் போட்டு தீராந்தித் தலையளை அதில இருத்துங்கோ, தட்டைத் தாங்கிற வேலை சுவருக்கு இல்லாம போகும்.

மரம் எல்லாம் நல்லம், ஆனா நடக்கேக்க அலுமாரிக் கண்ணாடி கிலுங்குது, பிள்ளையள் ஓடினா கீழ லைட் ஆடுது எண்டு சொல்லுற வீடுகளும் இருக்கு. அங்க பிரச்சினை மரத்தின்ர பலத்தில இல்ல, விறைப்பில, அதாவது வளையாம நிக்கிற தன்மையில. தீராந்தி சின்னன், இல்லாட்டி இடைவெளி கூட, இல்லாட்டி அறை அகலம் கூட. இதுக்கு கணக்கு ஒண்டு இருக்கு, அது தெரிஞ்சா காசு மிச்சம். மரத்தின்ர அகலத்தை ரெண்டு மடங்காக்கினா விறைப்பு ரெண்டு மடங்குதான், உயரத்தை ரெண்டு மடங்காக்கினா 8 மடங்கு. 6 இஞ்சிக்கு 2 இஞ்சி மரத்தை படுக்கப் போடுறதை விட நிமித்திப் போட்டா 9 மடங்கு விறைப்பு, அதே மரம்தான், அதே காசுதான். நீளத்தை பாதியாக்கினா இன்னும் பெரிய வித்தியாசம், நடுவில ஒரு பீம் குடுத்து 12 அடியை ஆறு ஆறு அடியா பிரிச்சா வளைவு பதினாறில ஒண்டாகும். கீழ்வீட்டு நடுவில ஒரு தூண் வந்தா வடிவில்லை எண்டு சொல்லி வேண்டாமெண்டினம், ஆனா எல்லாத் தீராந்தியையும் மாத்துற செலவோட பாத்தா ஒரு பீமும் ரெண்டு தூணும் ஒண்டுமே இல்ல. தூணுக்குக் கீழ ரெண்டடிக்கு ரெண்டடி, ஒரு அடி தடிப்பில கொங்கிரீட் அத்திவாரம் வெட்டிப் போடுங்கோ, பெரிய அறையெண்டா எவ்வளவு எண்டு இஞ்சினியரிட்ட கேளுங்கோ, நிலத்து டைல்ஸுக்கு மேல வெறுமனே நிறுத்தவேண்டாம். மரத்தூண் எண்டா அடி நிலத்தை தொடாம ஒரு கொங்கிரீட் கட்டைக்கு மேல நிக்கட்டும், கறையான் ஏறிறது அங்கதான்.

இதுக்கும் வசதியில்லாட்டி தீராந்திக்கும் தீராந்திக்கும் இடையில அதே உயரத்தில குறுக்குக் கட்டையள் இறுக்கமா அடிச்சு ஒரு வரிசை நடுவால கொண்டுபோங்கோ, 15 அடிக்கு மேல நீளமெண்டா ரெண்டு வரிசை. ஒரு தீராந்தியில மிதிச்சா பக்கத்து ரெண்டும் சேந்து தாங்கும், ஆட்டம் நல்லாக் குறையும், மரக்காலையில கிடக்கிற துண்டு மரமே இதுக்குக் காணும்.

இப்ப அந்தச் சீமெந்து விசயம். 12 அடிக்கு 12 அடி அறை எண்டா 13 சதுர மீற்றருக்கு கொஞ்சம் கூட. வீட்டுத் தட்டுக்கு ஆக்களும் சாமானும் சேத்து சதுர மீற்றருக்கு 150 கிலோ எண்டுதான் இஞ்சினியர்மார் கணக்கு வைக்கிறவை, அப்ப அந்த அறைக்கு கிட்டத்தட்ட 2 தொன். அதுக்கு மேல ரெண்டு இஞ்சிக்கு சீமெந்து போட்டா அதுமட்டுமே ஒண்டரை தொன், டைல்ஸ் வேற. கட்டில் அலுமாரி வைக்க முதலே, ஒரு ஆள் ஏற முதலே, தட்டுக்கு குடுத்த இடத்தில முக்கால்வாசி போச்சு. அதுக்கு மேல இன்னொரு கெடுதல், பலகை மூச்சு விடாது, பாத்ரூம் கழுவின தண்ணி டைல்ஸ் இடுக்கால இறங்கி சீமெந்துக்கும் பலகைக்கும் நடுவில நிக்கும், மேல பாத்தா பளபளவெண்டு இருக்கும், கீழ தீராந்தி உக்கிக்கொண்டு போகும், ஒருத்தருக்கும் தெரியாது. தயவு செய்து இதைச் செய்யாதேங்கோ. ஏற்கனவே செய்திருந்தா கீழ சீலிங் பலகைய ஒரு இடத்தில கழட்டி உள்ளுக்க பாருங்கோ.

தண்ணித் தாங்கியும் அப்பிடித்தான், 1000 லீற்றர் எண்டா சரியா ஒரு தொன், அது நாலு அடி இடத்தில நிண்டு அமத்துது. பலகைத் தட்டில தாங்கி வைக்கவே வேண்டாம், வெளியால தனிய ஒரு ஸ்டாண்ட் கட்டுங்கோ. கடைக்காரர் மேல ஸ்டோர் வைக்கிறவை, 50 கிலோ அரிசி மூட்டை இருபது அடுக்கினா அதுவும் ஒரு தொன், அடுக்கிறதெண்டா சுவரோரமா பரவி அடுக்குங்கோ, நடு அறையில குவிக்காதேங்கோ.

எனக்கு நித்திரை வராம செய்யிறது டியூசன் வகுப்புகள். பழைய கடைக்கு மேல பலகைத் தட்டில வாங்கு போட்டு பிள்ளையளை நெருக்கி இருத்தி படிப்பிக்கினம், மணி அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்தில எழும்பி படிக்கட்டுப் பக்கம் ஓடுவினம். வகுப்பறைக்கு வீட்டை விட ரெண்டு மடங்கு பாரம், சதுர மீற்றருக்கு 300 கிலோ எண்டு கணக்கு வைக்கவேணும். வீடா கட்டின தட்டு அது. நடத்துற ஆசிரியர்மாரும் நல்ல மனசோடதான் நடத்துகினம், பெற்றாரும் படிப்பு வேணுமெண்டுதான் அனுப்பினம், ஆனா ஒருத்தரும் கீழ நிண்டு அண்ணாந்து பாக்கிறேல்ல. அந்த இடங்களில நடுவில ஒரு பீமும் முட்டும் குடுக்கிறதுக்கு பெரிசா செலவு வராது. சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி எண்டு மேல்மாடியில சனம் கூடுற வீட்டுக்காரரும் இதை நினைக்கவேணும், பந்திய கீழ வையுங்கோ.

பைப் வேலை, வயரிங் வேலை செய்யிறவைக்கும் ஒரு வார்த்தை. தீராந்தியின்ர நடுவில கீழ்ப்பக்கமா வெட்டி பைப் விடுறதை நான் கனக்க வீட்டில பாத்திருக்கிறன். 6 இஞ்சி மரத்தில 2 இஞ்சி வெட்டினா மிச்சம் 4 இஞ்சி தானே எண்டு நினைக்கினம், ஆனா அந்த இடத்தில பலம் பாதி கூட இல்ல. பைப் விடத்தான் வேணுமெண்டா மரத்தின்ர உயரத்துக்கு நடுவில, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொடாம, உயரத்தில காலுக்கு மேல போகாத ஒரு ஓட்டை போடுங்கோ, 6 இஞ்சி மரமெண்டா ஒண்டரை இஞ்சி, அதுவும் அறை நடுவில வேண்டாம், சுவருக்குக் கிட்ட ஒட்டியும் வேண்டாம். கீழ்விளிம்பை ஒருநாளும் வெட்டாதேங்கோ, இழுவை முழுக்க அங்கதான்.

ஆணி போல்ட் வாங்கேக்க எங்கட கடல் காத்தை நினைச்சு வாங்குங்கோ, சாதாரண இரும்பு உப்புக் காத்தில துருப்பிடிச்சு வீங்கி மரத்தையே பிளக்கும், நாகம் தோய்ச்ச போல்ட் கேளுங்கோ, கடற்கரையோட ஒட்டின வீடெண்டா ஸ்டெயின்லஸ். கறையானுக்கு சுவரோரம் மண்புத்துக் கோடு ஏறுதோ எண்டு மாசம் ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, பழைய ஆக்கள் கழிவு ஒயில் பூசுவினம், அது கொஞ்சம் உதவும், ஆனா படுக்கையறைக்கு கீழ மணமும் நெருப்புப் பயமும். முறையா மருந்து ஏத்தின மரம் வாங்கிறது நல்லம்.

மரம் எங்க எடுக்கிறது எண்டு கேப்பினம். முதிரை பாலை காட்டில வெட்டேலாது, ஏத்தி இறக்க பேமிட் வேணும், அது சரியான சட்டமும்தான், காடு அழிஞ்சது காணும். ஆனா டவுனுக்குள்ள உடைக்கிற பழைய வீட்டு மரம் வாங்கலாம், பத்திரத்தோட வாங்குங்கோ, நூறு வருசம் காய்ஞ்ச மரத்தை விட நல்ல மரம் உங்களுக்கு எங்கயும் கிடையாது. நல்லா முதிர்ந்த பனையும் பழைய காலத்தில இருந்து தீராந்திக்கு போட்ட மரம்தான், வெளி வைரம்தான் பலம், உள் சோத்தியை நம்பவேண்டாம். கிண்ணியா மூதூர் பக்கம் வள்ளம் கட்டிப் பழகின ஓடாவிமார் இன்னும் இருக்கினம், மரத்தை மரத்தோட சேக்கிற மூட்டு வேலை அவையளுக்குத் தெரிஞ்ச அளவுக்கு பிளேட் போடுற கொந்தராத்துக்காரருக்குத் தெரியாது, அவையளை கூப்பிட்டுக் கேளுங்கோ. அந்த வேலை தெரிஞ்ச கை கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுகொண்டு வருது எண்டது எனக்கு மரத்தை விடப் பெரிய கவலை.

உங்கட பேப்பர் மூலமா ரெண்டு விசயம் கேக்கிறன். உள்ளூராட்சி சபை மழைக்கு முதல் டவுனுக்குள்ள பலகைத் தட்டு இருக்கிற மேல்வீடுகளை, முக்கியமா சனம் கூடுற இடங்களை, ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி ஒருக்கா பாக்கச் செய்யவேணும், தண்டம் அடிக்கவோ பூட்டவோ இல்ல, எது அவசரம் எது பொறுக்கலாம் எண்டு சொல்லிக் குடுக்க. ரெண்டாவது, தொழில்நுட்பக் கல்லூரியில மரவேலை படிக்கிற பொடியளுக்கு புதுசா மேசை கதிரை செய்யப் பழக்கிறதோட பழைய கட்டடத் தீராந்தி திருத்திற வேலையும் ஒரு பாடமா வைக்கலாம், வாத்தியாரா ஓடாவிமாரையே கூப்பிடலாம். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் சம்பளம் இல்லாம வந்து நிக்கத் தயார்.

வாடகை வீட்டில இருக்கிறவைக்கு இன்னொரு சிக்கல். வீட்டுக்காரர் லண்டனிலயோ கனடாவிலயோ, இங்க சாவி ஒரு சொந்தக்காரரிட்ட, தட்டு ஆடுது எண்டு சொன்னா "பாப்பம்" எண்டு சொல்லுவினம். வெளிநாட்டில இருந்து இதை வாசிக்கிறவை இருந்தா தயவு செய்து ஆளை அனுப்பிப் பாருங்கோ. நீங்க பிறந்து வளர்ந்த அறைக்கு மேல இண்டைக்கு வேற ஒருத்தரின்ர பிள்ளை படுத்திருக்கு.

கடைசியா ஒண்டு, இது பொறுக்கிற விசயமில்ல. தீராந்தி போற இடத்துக்கு நேர சுவரில புதுசா படுக்கையா வெடிப்பு ஓடினா, பலகைக்கும் சுவருக்கும் நடுவில முன்னம் இல்லாத இடைவெளி தெரிஞ்சா, மேல்மாடிக் கதவு திடீரெண்டு இறுகினா, இரவில மரம் முறியிற சத்தம் கேட்டா, மேஸ்திரி வரும் வரைக்கும் காத்திருக்காதேங்கோ. அண்டைக்கு இரவே மேல படுக்கிற ஆக்களை வேற வீட்டுக்கு அனுப்பி, கீழ அந்த அறைய பூட்டி, அடுத்த நாள் காலம்பிற முட்டுக் குடுத்துப்போட்டு பிறகு மிச்சத்தை யோசியுங்கோ. முட்டும் சிலிப்பர் கட்டையும் வாடகைக்கு எடுக்கத் தெரியாதவைக்கு ஹாட்வெயார் கடையில கேட்டாலே கொங்கிரீட் சாமான் வாடகைக்கு விடுறவையின்ர இடத்தைச் சொல்லுவினம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.